தேர்வுக்கு முந்தின நாள் படிபூஜை

ஜெயகுமாரி டீச்சரின் நீளம் தாண்டும் பயிற்சியில் ஒரு நாளைக்கு ஒரே வேலைதான். இன்றைக்கு ஓடிவரும் அடிகளை எண்ணு, மணலில் எங்கே விழுகிறாய் என்பது உன் கவலை இல்லை. நாளைக்குத் தாவும் பலகையைச் சரியாக மிதி, எண்ணிக்கையை மற. யோகலட்சுமிக்கு நீளம் தாண்டவே பிறந்த கால்கள். புத்திதான் ஒரு இடத்தில் நிற்காது. ஓடிவரும்போதே, வேலிக்கு அந்தப் பக்கம் போகிற பஸ் திருப்பதிக்கா சென்னைக்கா என்று பார்க்கிற பெண். இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தி அவளை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார் டீச்சர்.

சனிக்கிழமை திருவள்ளூரில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. ஐந்து மீட்டர் தாண்டினால் இடம் உறுதி. வயசுக் கணக்குப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் அம்மா கமலா மைதானத்துக்கே வந்தாள்.

"நாளைக்கு மலைக்குப் போறோம் டீச்சர். இவ ஜெயிக்கணும்னு படிபூஜை வேண்டிக்கினு இருக்கேன். இவ கையாலயே செய்யணும்."

முருகன் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொன்றுக்கும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி நிமிர வேண்டும். மறுநாள் தாவப்போகிற தொடை என்ன ஆகும் என்று ஜெயகுமாரிக்குத் தெரியாதா? 'இப்போது வேண்டாம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவை வாயைக் கட்டிவிட்டது. சர்ச்சுக்குப் போகிற டீச்சர் முருகன் காரியத்தைத் தடுத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் ஒரு பெண்ணையும் மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

"சரிங்கம்மா, போயிட்டு வாங்க" என்றார். அது பயம். அவர்தான் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை யோகலட்சுமியின் புத்தி எங்கேயும் ஓடவில்லை. எண்ணிக்கை சரி, பலகை சரி. கால்தான் எழும்பவில்லை. மூன்று தாவலில் நல்லதாக அமைந்ததே நான்கு அறுபத்தெட்டு. பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டார் ஜெயகுமாரி, தெரிந்துகொண்டே.

"தொடை ரெண்டும் கல்லாட்டம் இருக்குது டீச்சர். காலைல பஸ் ஏறவே முடியல."

கூட வந்திருந்த கமலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அவ்ளோ படிக்கும் குனிஞ்சு நிமிந்ததாலயா?"

"ஆங்" என்றாள் மகள்.

கமலா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த மாசம் செஞ்சிருப்போமே டீச்சர். முருகன் எங்க போயிடப்போறான்? நீங்க சொல்லி நாங்க எதக் கேக்கல?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் ஜெயகுமாரிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

யோகலட்சுமி அவர் முகத்தையே பார்த்தாள். "கால் புடிச்சிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்" என்றார் ஜெயகுமாரி.