போதகர் மகளின் ஈரத்தலை

போதகரின் ஒரே மகள் பன்னிரண்டாம் வயதில் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழுந்தாள். அதன்பிறகு இருபத்துநான்கு வருடம் அவள் தலைமுடி காயவில்லை. தொட்டி சபைக் கட்டடத்தின் மேடைப் பலகைகளுக்கு அடியில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு ரப்பர் குழாய் போட்டு நிரப்புவார்கள், நிரம்ப மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வெள்ளை அங்கியோடு இறங்கினார்கள். போதகர் ஒவ்வொருவருக்கும் இடது கையை முதுகுக்குக் கொடுத்து, வலது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து அமுக்கி எடுத்தார். ஐந்து பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிட்டார்கள். மகளுக்கு அம்மா மூன்று துண்டு மாற்றித் துவட்டினாள், வெயிலில் உட்கார வைத்தாள், மின்விசிறிக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னாள். முடியின் நுனியில் துளி திரண்டு விழுந்தபடி இருந்தது. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஒரு பீக்கரைப் பிடித்துப் பார்த்து, மணிக்கு அரை டம்ளர் என்று சொன்னார். குளிக்கும்போதும் அதே கணக்குதானா என்று கேட்டதற்கு, அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை என்றார்.

முதல் வருடம் மாதத்துக்கு இரண்டு தடவை சளி பிடித்தது. அப்புறம் சளிக்கே அலுத்துவிட்டது. அம்மா தலையணைக்கு ரப்பர் உறை தைத்தாள், தோளில் போட்டுக்கொள்ள டஜன் துண்டுகள் வாங்கினாள். தெருவில் அவளுக்கு ஈரத்தலை என்று பெயர் விழுந்தது. சபைக்குள் அவள் சாட்சி. போதகர் ஆரம்பத்தில் இதை மறைக்கத்தான் பார்த்தார், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் மூப்பர் ஒருவரின் மனைவி, ஆராதனை முடிந்து பக்கத்தில் நிற்கும்போது நெற்றியில் ஒரு துளி பட்டு, பத்து வருடத் தலைவலி போயிற்று என்று எழுந்து சொல்லிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து வரிசை. அவளுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி, அதன் அடியில் ஒரு எனாமல் பேசின். ஜெப நேரத்தில் சத்தம் வரக்கூடாதென்று பேசினுக்குள் துணி போடுவார்கள், பாட்டு நேரத்தில் எடுத்துவிடுவார்கள். சபையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் தாளம் படித்தார்கள். தகரக் கூரை ஓட்டுக் கூரையாயிற்று. இதற்கெல்லாம் போதகர் யாரிடமும் கை நீட்டியதில்லை. கூட்டம் வந்தது, கட்டடம் பெரிதாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினெட்டு வயதானபோது அம்மா இறந்தாள். போதகர் அழுதுகொண்டே அம்மா இப்போது இருக்கும் இடத்தைச் சொன்னார், வீட்டு நம்பர் சொல்கிற மாதிரி அத்தனை நிச்சயமாக. அவளுக்கு அது போதுமாக இருந்தது. துணிமணிகளை மடித்து வைத்தாள், அப்பாவுக்குச் சமைக்கக் கற்றுக்கொண்டாள், இருபத்தொன்றாம் வயதில் ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உலர்த்துகிற இடத்துக்கு நனைந்தவளா என்று முதலாளி முதல் நாள் சிரித்தார். சிரித்துவிட்டு அவளை ஊறவைக்கும் தொட்டிப் பக்கம் அனுப்பினார். அங்கே தரை எப்போதும் ஈரம் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஓட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரி உறைகள், மாதம் ஒருமுறை அவள் அப்பாவுடைய சபையின் வெள்ளை அங்கிகள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போயின. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இஸ்திரி மேஜைகள் இருந்தன. சூடு, மொடமொடப்பு, காய்ந்த துணியின் வாசனை. அந்தப் பக்கம் போக அவளுக்கு ஆசைதான். தலையைக் குனிந்தால் மடிப்பெல்லாம் வீணாகிவிடும், எப்படிப் போவது?

மூன்றாவது மேஜையில் இருந்த இஸ்திரி அக்காவுக்கு அவளைவிடப் பதினான்கு வயது கூடுதல். முழங்கை வரை சூட்டுத் தழும்பு, உருட்டுக் கட்டை மாதிரி புஜம், சிரித்தால் தடுப்புக் கண்ணாடி அதிரும். ஈரத்தலையைப் பார்த்து ஆச்சரியப்படாத ஒரே மனுஷி அவர்தான். காலருக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பி அடைத்துக்கொண்டால், "அடியே, இங்க வந்து தலைய ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போ" என்று கூப்பிடுவார். தினமும் மத்தியான மணி அடித்ததும் அவள் தோளில் நனைந்து கிடக்கும் துண்டை உருவி, நாலு இழுப்பு இழுத்துத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மறுபடி தோளில் போடுவார். பதினைந்து வருடம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவளுடைய நாளில் காய்ந்த பொருள் என்று இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான், அதுவும் கால் மணி நேரத்துக்கு. அப்பாவின் போதனைப்படி அவளும் வருடத்துக்கு ஒரு தடவை அக்காவைச் சபைக்கு அழைத்தாள். அக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: "எனக்குத் தண்ணி ஒத்துக்காதுடி. நான் சூட்டுக்காரி."

அவளுக்கு முப்பத்தாறு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. விரிப்பு கருகிவிடாமல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், சுவிட்சை அணைத்தார், அதற்கப்புறம்தான் விழுந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது போதகர் மேஜையில் உட்கார்ந்து பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா இப்ப எங்கப்பா இருப்பாங்க?"

போதகர் பேனாவை மூடினார். "பதினஞ்சு வருஷம் நீதான கூப்பிட்ட. ஒரு தடவை வந்திருக்கலாம்ல."

"வரல. எங்க இருப்பாங்க?"

"உனக்குத் தெரியாததாம்மா? நான் எழுதின சட்டமா அது?"

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சூட்டுக்காரியை எந்தச் சூட்டில் போட்டிருப்பார்கள் என்று யோசித்தபடி அடுப்படியில் நின்றாள். அரிசி களைய முந்தானையை ஒதுக்கும்போது இடது காதுக்கு மேல் கை பட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு முடி காய்ந்திருந்தது.

அதற்கப்புறம் கேள்விக்கு ஒரு கொத்தாகக் காய ஆரம்பித்தது. அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி உறைகளை ஊறவைக்கும்போது, அதில் படுத்திருந்தவர்களில் எத்தனை பேர் தொட்டியில் இறங்கியவர்கள் என்று தோன்றும். அன்று பிடரியில் ஒரு கற்றை போகும். அம்மாவின் விலாசத்தை அப்பாவுக்கு யார் கொடுத்தது என்று தோன்றும். நெற்றி ஓரம் போகும். அவள் பயந்துபோனாள். மூப்பர்களைவிட அப்பாவை நினைத்துத்தான் பயம் அதிகம். நாற்பது வருடம் தெருத் தெருவாக நடந்து பேசிய மனிதரிடம் காட்டுவதற்கு என்று இருந்த ஒரே அத்தாட்சி அவள் தலை. அது வறண்டுவிட்டது என்று தெரிந்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் கழிப்பறைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் ஒன்றேகால் மணி நேரம் நீளும், குழாய்த் தண்ணீர் அதுவரை தாங்காது. சலவைக்காரிக்கா வழி தெரியாது? நனைத்த ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொண்டைக்குள் வைத்துக் கட்டினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் அளவாகச் சொட்டியது. வரிசையில் வந்தவர்கள் நெற்றியைக் காட்டினார்கள், வாங்கிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லிப் போனார்கள்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிறு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தார். அவருக்கு முழங்கால் முடங்கி ஆறு வருடம். போன வாரம் போதகர் மகளுடைய துளியை வாங்கி முட்டியில் தேய்த்ததாகவும், வியாழக்கிழமை மாடிப்படி ஏறிவிட்டதாகவும் சொன்னார். நம்பாதவர்களுக்காக மூன்று தடவை குதித்தும் காட்டினார். சபை அழுதது. மேடையில் போதகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கொண்டைக்குள் ஸ்பாஞ்ச் கனத்தது. அந்த மனிதர் மேல் விழுந்தது நகராட்சித் தண்ணீர், அதில் குளோரின் தவிர ஒன்றும் கிடையாது. அப்படியானால் முன்னால் இருபத்துநான்கு வருடம் விழுந்தது என்ன? இந்த ஒரு கேள்விக்கு மிச்சமிருந்த முடி முழுவதும், உச்சந்தலை உட்பட, வீடு வந்து சேர்வதற்குள் காய்ந்துபோயிற்று.

சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து மனசுக்குள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தவள் அவள். பஸ் வராததிலிருந்து பால் திரிந்தது வரை அவரிடம்தான் சொல்வாள். இப்போது சொல்ல வாயெடுத்தால் எதிரில் ஆள் இல்லை. பாட்டுகள் தொண்டை வரை வந்து நின்றன. தலை லேசாகிவிட்டதே என்று கைவைத்துப் பார்த்துப் பார்த்து வருந்தினாள். ஞாயிறு வந்தால் ஸ்பாஞ்சை நனைத்தாள்.

அடுத்த வருடம் போதகருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் பேச்சும் மிஞ்சின. மூப்பர்கள் முறை வைத்து வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள், முடிவில் நெற்றியில் ஒரு துளி விடச் சொல்வார்கள். மூன்று வாரம் அவள் ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம், போதகர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். மகளைப் பார்த்து, ஒரு துளி என்றார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். வாளி பாதி நிறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இது கடைசித் துளி, இதிலும் பொய் சொன்னால் அப்புறம் உண்மை சொல்ல ஆள் இருக்காது என்று பட்டது. குழாயை மூடிவிட்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"காஞ்சுபோச்சுப்பா."

"தெரியும்" என்றார் போதகர். "ஒன்றரை வருஷமா உன் தலையில பைப்புத் தண்ணி வாசனை. தபால்காரர் குதிச்சாரே, அன்னைக்கும் அதே வாசனைதான்."

"அப்புறம் ஏம்ப்பா ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம், நீ சொல்லாம இருந்தா நானும் சும்மா இருந்துடலாமேன்னு இருந்துட்டேன்."

போதகர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தானே அந்தப் பெண் விழுந்தாள் என்று கேட்டார். ஆமாம் என்றாள். சுவிட்சையும் அணைத்தாளாமே என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். பிறகு, நாற்பது வருடம் யாரும் அவரிடமிருந்து கேட்டிராத சின்னக் குரலில், "நான் எங்கம்மா போவேன்?" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்த பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வீட்டு நம்பரோடு இருந்தது. சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கலாம். அதை அவள் இன்றைக்கும் நினைத்துக்கொள்வதுண்டு.

"தெரியலப்பா" என்றாள்.

போதகர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "சரி, குனி" என்றார். அவள் கட்டில் ஓரம் முழங்காலிட்டுக் குனிந்தாள். அவர் வலது உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்தார், தொட்டியில் வைத்த அதே இடத்தில். அமுக்கவில்லை. முடி இவ்வளவு மெத்தென்று இருக்குமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவர் அவளைத் தடவிக் கொடுத்தது அன்றுதான். அதுவரை அந்தத் தலையிலிருந்து எல்லாருமே வாங்கிக்கொண்டுதான் போனார்கள், அவர் உட்பட. மூப்பர்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தபோது போதகர் போய் அரை மணி ஆகியிருந்தது. அவள் அசையாமல் குனிந்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அடக்கத்துக்கு அவள் காய்ந்த தலையோடுதான் நடந்தாள். துக்கத்தில் வற்றிவிட்டது என்று பாதிப் பேரும், விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டாள் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். தபால்காரர் சவப்பெட்டிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார், முழங்கால் அவருக்கு இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது. அவள் அதற்கப்புறம் சபைக்குப் போகவில்லை. புதுப் போதகர் இரண்டு தடவை வந்து அழைத்தார், காப்பி கொடுத்து அனுப்பினாள். நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பேசினில் இப்போது செடி வைத்திருக்கிறார்கள்.

சலவை நிலையத்தில் மூன்றாவது மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே நின்ற முதல் வாரம்தான், சீப்பு ஓர் இடத்தில் வழுக்குவதைக் கவனித்தாள். உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ஈரம், ஐந்து விரல் தடமும் சேர்த்து. துவட்டிப் பார்த்தாள். வெயிலில் நின்றாள். காயவில்லை. சொட்டவும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை, முக்கியமாகத் தன்னிடம். அப்பா எங்கே இருக்கிறார் என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. அக்கா எங்கே என்றும் தெரியாது. மாதக் கடைசியில் சபையின் வெள்ளை அங்கிகள் தேய்க்க வருகின்றன. காலர் மடிப்புக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். தெளிக்கும் குப்பி அடைத்துக்கொண்டால் அவள் உச்சந்தலையில் கையை ஒற்றி, துணியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெட்டியை வைத்து இழுக்கிறாள்.