அணைக்கச் சொன்ன வெளிச்சம்

லிஃப்ட்காரருக்கு வாய் நீளம். எண்பது வீடுள்ள அடுக்குமாடியில் லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர், மற்றபடி நல்ல மனிதர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், மேல் மாடியில் குனிந்து நின்றபடி அரைமணி நேரம் ஆறுதலாகப் பேசுவார். உள்ளே இருப்பவர்கள் பயம் போய்ச் சிரிக்கக்கூடச் செய்வார்கள். சொந்த வீட்டு ஆட்கள் என்று வந்துவிட்டால் மட்டும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் பேச்சு. ஐந்து மாதத்துக்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த வாய் ஒரு குடும்பத்தையே பிரித்துப் போட்டது.

அன்று அவருடைய தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, குழந்தை இறந்து பிறந்தது. அவள் புருஷன் அந்த நேரத்தில் கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். போன் வண்டிக்குள் கிடந்தது. விடியற்காலையில் விஷயம் தெரிந்து, மணல் ஒட்டிய காலோடு ஓடிவந்தவனை லிஃப்ட்காரர் வாசலிலேயே நிறுத்தினார்.

"இங்க எதுக்கு வந்த? அந்தக் கடல்லயே விழுந்து செத்துத் தொலைய வேண்டியதுதானே!"

நர்சுகள் பார்த்தார்கள். பக்கத்து அறைகளுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தவர்கள் பார்த்தார்கள். மாப்பிள்ளை மூன்று வாரம் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் மாடியறைக்குப் போய்விட்டான்.

லிஃப்ட்காரர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியதே அவர்தான். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தாலும், ராத்திரிச் சாப்பாடு என்றைக்கும் தங்கை வீட்டில்தான். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் ஒருநாள் அவள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் அவரை ஒரு வார்த்தை சொல்லலண்ணா. சொன்னது நீ. என் பிள்ளை போனதுக்கு அவர் என்ன பண்ணுவாரு? நீ விரட்டின ஆளை நீயே கூட்டிட்டு வா."

"நான் கூப்பிட்டா வருவானா?"

"மீன் பிடிக்கக் கூப்பிடு. அதுக்கு வருவாரு."

சொல்லும்போது அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை வந்தான். சனிக்கிழமை ராத்திரி லிஃப்ட்காரரின் பழைய வேனில் ஏறி, ஒன்றும் நடக்காதது மாதிரி, "இரைக்குக் கணவாய் வாங்கினீங்களா மச்சான்?" என்று கேட்டான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. விரல்களில் கண்ணாடி கீறிய கோடுகள். தங்கையைக் கொடுப்பதற்கு முன்பே இவர்கள் இரண்டு பேரும் தூண்டில் கூட்டாளிகள். சொல்லப்போனால், மீன் பிடிக்கும்போது இவன் காட்டுகிற பொறுமையைப் பார்த்துத்தான் தங்கைக்கு இவனைப் பேசி முடித்தார். வேனில் போகும்போது அந்தப் பொறுமை அவருக்கு நெஞ்சை அறுத்தது.

கடற்கரையில் ஆள் அரவமே இல்லை. நிலா இல்லாத இரவு. இரண்டு நாள் கடல் கொந்தளித்து அன்றுதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. தண்ணீர் இன்னும் கலங்கலாகவே கிடந்தது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசியது. கொடுவா மீன் பிடிக்க இதைவிட நல்ல ராத்திரி வராது. அலை கிளறிவிட்ட நண்டையும் புழுவையும் தின்ன, கடல் ஏறும் நேரத்தில், முழங்கால் ஆழத்துக்குக்கூட அது வந்துவிடும். கரையை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதற்கு அப்பால் அறுபது எழுபது அடி தள்ளி ஒரு மணல் திட்டு. கடல் வற்றியிருக்கும்போது பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். இறங்கி நடந்து, திட்டில் ஏறி நின்று, அதற்கும் வெளியே தூண்டிலை வீசலாம். கடல் ஏற ஆரம்பித்து அரைமணிக்குள் திரும்பிவிட வேண்டும். பிறகு பள்ளம் ஆளை முழுங்கும்.

இருவரும் கரையில் குந்தி இரை கோத்தார்கள். கணவாயைப் பட்டையாக அறுத்து, முள்ளில் செருகி, அலையில் அவிழாமல் இருக்க மெல்லிய ரப்பர் நூலால் சுற்றினார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலை விளக்கைக் கையால் பொத்திக்கொண்டுதான் இந்த வேலை. வெளிச்சம் விஷயத்தில் மாப்பிள்ளை பொல்லாதவன். தண்ணீரில் ஒரு கீற்று விழுந்தால் கொடுவா ஒரு மணி நேரத்துக்கு எட்டிப் பார்க்காது என்பான். போனில் மணி பார்த்ததற்கெல்லாம் லிஃப்ட்காரர் இவனிடம் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நூலைச் சுற்றியபடியே லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு மாப்ள."

மாப்பிள்ளை கத்தியைத் துடைத்தான். "ஆஸ்பத்திரியில யாரு யோசிச்சுப் பேசுறாங்க மச்சான்? நான் அப்பவே மறந்துட்டேன்."

"அப்புறம் ஏன் போன?"

"அவ மூஞ்சியைப் பாக்க முடியல. போன் வண்டியில கெடந்துச்சே... அதான்."

"அவ உன்னை ஒண்ணும் சொல்லலடா. வீட்டுக்கு வா. காலையிலேயே வா. இப்படியே என்கூட வேன்ல வா."

மாப்பிள்ளை கத்தியை உறையில் செருகினான். பிறகு, "வெறுங்கையோட வர மாட்டேன். ஒரு மீனோட வர்றேன்" என்றான்.

லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வேனுக்கு ஓடினார். கதவை மூடிக்கொண்டு, வெளிச்சம் வெளியே தெரியாமல், தங்கைக்குச் செய்தி அனுப்பினார். காலையில் வருகிறான், தூங்கு என்று. ஒரே நொடியில் பதில் வந்தது. தூக்கம் வரவில்லை, காத்திருக்கிறேன் என்று. அவர் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை மார்பு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தூண்டில் கம்போடு பள்ளத்தில் இறங்கியிருந்தான்.

"கடல் ஏறுற நேரம்டா, பாத்து!" என்று கத்தினார்.

"அரை மணி நேரம்தான்!" என்று குரல் வந்தது. அப்போது அவன் பள்ளத்துக்குள் பக்கத்தில்தான் இருந்தான்.

லிஃப்ட்காரர் தன் தூண்டிலைப் பள்ளத்திலேயே, கரைக்குக் கிட்டத்தில் போட்டார். கம்பை மணலில் நட்ட குழாயில் செருகாமல் கையிலேயே வைத்து, நூலை விரலில் வைத்துக்கொண்டு நின்றார். அரைமணி ஆனதோ, முக்கால் மணி ஆனதோ தெரியாது. மனசெல்லாம் காலைச் சாப்பாட்டில் இருந்தது. மூன்று பேரும் ஒரே மேசையில்.

விரலில் இரண்டு இழுப்பு. பிறகு நூல் தொய்ந்தது. இரையைக் கவ்விய கொடுவா கரையைப் பார்த்து ஓடி வருகிறது என்று அர்த்தம். அவர் பின்வாங்கி நடந்தபடி ரீலைச் சுற்றினார். நூல் விறைத்ததும் கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கனம் அவர் கைக்கு வந்ததில்லை.

சரியாக அந்த நேரத்தில் திட்டிலிருந்து வெளிச்சம் வந்தது. தலை விளக்கு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைந்து, நேராக அவர் மீன் இருந்த பள்ளத்தில் விழுந்தது. மீன் மிரண்டு சரசரவென்று நூலை இழுத்துக்கொண்டு ஓடியது.

"டேய், லைட்டை அணைடா!"

வெளிச்சம் அணையவில்லை. அவர் முகத்திலேயே அடித்தது. லிஃப்ட்காரருக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் உள்ளூர ஆனந்தம். எத்தனை வருஷமாக இவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம், இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கலாமே!

"எனக்கு மட்டும் பெருசா பாடம் எடுப்பியே, இப்ப என்னடா உன் லைட்டு! அணைடா! உங்கப்பன் வீட்டுக் கடலா இது?"

அலை இரைச்சலுக்கு நடுவில் ஒரு சத்தம் வந்தது. மச்சான் என்றது போல இருந்தது. மீனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் நூல் தளர்ந்துவிடும். கடலில் ஆயிரம் சத்தம் வரும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டாரே தவிர, அப்படி நினைப்பதற்கு ஒரு நொடி தேவைப்பட்டது. அந்த ஒரு நொடியை அவர் பிற்பாடு பல தடவை எடுத்துப் பார்த்தார்.

வெளிச்சம் சட்டென்று போனது.

"அப்படி வா வழிக்கு!" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார்.

ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அதே உற்சாகத்தில், ஒவ்வொரு அலையும் கரைக்கு வரும்போது இழுத்து, வடியும்போது விட்டுக்கொடுத்து, மீனை மணலில் ஏற்றினார். கை நீளத்துக்கு இருந்தது. செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு, "மாப்ள, இங்க பாருடா!" என்று கத்தினார். பதில் இல்லை. மறுபடியும் கத்தினார். பிறகுதான் தன் கால் நிற்கும் இடத்தைப் பார்த்தார். முதலில் வந்து குந்தியிருந்த இடம் இப்போது தண்ணீருக்குள் இருந்தது.

தலை விளக்கைப் போட்டு எல்லாப் பக்கமும் அடித்தார். திட்டு இருந்த இடத்தில் வெள்ளை நுரைதான் புரண்டுகொண்டிருந்தது. மீனைப் போட்டுவிட்டு, கரையோரமாக நீரோட்டம் இழுக்கும் பக்கம் பார்த்து ஓடினார். ஓடினார் என்பது பேச்சுக்கு. மணலில் விழுந்து எழுந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூப்பிட மூச்சில்லாமல் வெறும் வாயைத் திறந்துகொண்டு போனார்.

முந்நூறு அடிக்கு அப்பால் மாப்பிள்ளை கையும் காலும் மணலில் ஊன்றி தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் நிறைந்த கால்சட்டை ஆளை உள்ளே இழுத்திருக்கிறது. இரை அறுக்கும் கத்தியால் மார்பிலிருந்து தொடை வரைக்கும் அதைக் கிழித்து வெளியே வந்திருக்கிறான். கிழித்த வேகத்தில் தொடையிலும் வெட்டு. லிஃப்ட்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவன் அவர் கையை எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான்.

"கூப்பிட்டேன்ல?" என்றான்.

"கேக்கலடா. காத்து அந்தப் பக்கமா அடிச்சுது, என் காதுல எப்படி..."

"நுரை கண்ணை மறைச்சுது, கரை எதுன்னு தெரியல. லைட்டைக் காட்டுங்க மச்சான், லைட்டைக் காட்டுங்கன்னு கத்தினேன். நீங்க அணைன்னீங்க."

"மீன் மாட்டியிருந்துது மாப்ள. நீ மீனுக்குத்தான் லைட் அடிக்கிறேன்னு..."

"அலை அடிச்சு லைட் போச்சு. போனதும் சிரிச்சீங்க." பல் கிட்டித்துப் பேச்சு தடுமாறியது. "அங்க உங்க சத்தம் அவ்வளவு தெளிவா கேட்டுச்சு. ஆஸ்பத்திரியில நீங்க சொன்னதை நெஜமாவே மறந்துட்டுத்தான் இருந்தேன். தண்ணிக்குள்ள இருந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு."

எண்பது வீட்டு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்ன வாய் திறந்து மூடியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு வேண்டாம் என்றான். வேனில் அவர் கழற்றிக் கொடுத்த சட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே கிடந்த கந்தைத் துணியை எடுத்துத் தொடையில் தானே கட்டிக்கொண்டான். கண்ணாடிக் கடை வாசலில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினான்.

"அவ காத்துட்டு இருக்கா மாப்ள. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

தங்கை வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. படுக்கைக்குப் புது விரிப்பு. மேசையில் மூன்று தட்டு. அவள் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டக் கதவைத் திறந்தாள். அண்ணன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் யாருமில்லை.

லிஃப்ட்காரர் நின்றபடியே சொன்னார். திட்டைச் சொன்னார், மீனைச் சொன்னார், வெளிச்சத்தைச் சொன்னார், தன் சிரிப்பையும் சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை என்பதை மூன்று தடவை சொன்னார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவர் கத்தினது உனக்குக் கேக்கவே இல்லையா?"

"நான்தான் சொல்றேனே, காத்து..."

"காத்தை விடு. கேட்டுச்சா, கேக்கலையா?"

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவாள். அண்ணன் சொல்லை அவள் என்றைக்கும் தட்டியதில்லை. நம்பி, இப்போதே கண்ணாடிக் கடைக்குப் போய், என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை, உங்களுக்குத்தான் பிரமை என்று சத்தியம் பண்ணுவாள். அவன் கதவைச் சாத்திவிடுவான். அதோடு முடிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்து சாக வேண்டியதுதான். லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது. இந்த மேசையை விட்டால் அவருக்கு வேறு வீடு கிடையாது.

"ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றார். "மச்சான்னு கேட்ட மாதிரி இருந்துது. திரும்பினா மீன் போயிடும்னு... திரும்பல."

அவள் அழவில்லை. கூந்தலை முடிந்துகொண்டாள். துணிப்பெட்டியிலிருந்து புருஷனின் சட்டை ஒன்றும், மருந்து டப்பாவிலிருந்து கட்டுத்துணியும் எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"நான் வேன்ல கொண்டுபோய் விடறேம்மா."

"வேண்டாம். நடந்து போறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அவர்கிட்ட நீ சொன்னதைச் சொல்றேன். நீங்க நெனச்சது சரிதான், எங்கண்ணனுக்குக் கேட்டிருக்குன்னு சொல்றேன். அப்பதான் என் பேச்சை நம்பி வருவாரு."

"சொல்லு."

"நாங்க வரும்போது நீ இங்க இருக்கக் கூடாதுண்ணா."

"சரிம்மா."

"ராத்திரியும் வராத. நானா கூப்பிடுற வரைக்கும் வராத."

படியில் அவள் காலடிச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது. லிஃப்ட்காரர் மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். தான் நின்ற இடத்தில் உதிர்ந்திருந்த மணலைத் துணியால் துடைத்து எடுத்தார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அவர்கள் வரும் வழியில் எதிர்ப்படாமல் இருக்க, வேனைச் சுற்று வழியாக எடுத்துக்கொண்டு போனார்.