துடுப்பு எடுக்காத காலை

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்று காலை என் கணவர் ஸ்ரான்லி துடுப்புகளைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் போட்டபோதும் நிற்கவில்லை.

"மிலானோவிலை இருந்து வந்தவை கரையிலை நிக்கினம். உங்களுக்கென்ன, விசரோ?"

அவருக்கு இத்தாலியில், பலெர்மோ நகருக்கு மேலே, ஆற்றை மறித்துக் கட்டிய அணையில் வேலை. தூண்டில்காரரை வள்ளத்தில் ஏற்றிப்போய், மூழ்கிய மரங்களுக்கிடையே பாஸ் மீன் நிற்கும் இடம் காட்டுவார். அவர்கள் பிடிப்பார்கள், படமெடுப்பார்கள், திரும்பத் தண்ணீரிலேயே விடுவார்கள். நல்ல கூத்து! ஆனால் அந்த வேலையோடுதான் வீடு கிடைத்தது. அதற்கு முன் நகரின் சீசாப் பகுதியில் மூன்று குடும்பம் ஒரே வீட்டில் நெருங்கிக் கிடந்தோம். மகள் அமலினியை மன்னாரிலிருந்து கூப்பிட இந்த வீட்டைத்தான் நம்பியிருந்தோம்.

"முந்தநாள் அணைக்குள்ளை விழுந்த பெடியன் இன்னும் கிடைக்கேல்லை, செலஸ்ரீனா. அவன் தண்ணிக்குள்ளை கிடக்கேக்கை நான் மீன்பிடிக்க ஆள் ஏத்திறதோ?"

மன்னாரில், எங்கள் பேசாலைக் கரையில் அதுதான் வழக்கம். கடலில் ஒருவர் மூழ்கிப்போனால், உடல் கிடைக்கும்வரை தேடுவதற்கு மட்டுமே வள்ளம் இறக்குவார்கள்.

"இது பேசாலைக் கடல் இல்லையப்பா! பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ!"

நானே துடுப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கினேன்.

அங்கே கல்லில் ஒரு பெண் இருந்தாள். பெடியனின் தாய். மடியில் அவனுக்கு உடுத்துவதற்கென்று இஸ்திரி போட்ட சேட்டு. பக்கத்திலேயே மிலானோக்காரர் தூண்டிலை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறில் என் அண்ணன் அருளையா ஏறிய வள்ளம் இராமேஸ்வரம் போகும் வழியில் கவிழ்ந்தது. சண்டைக்குப் பயந்து ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒருவரும் நிற்கவில்லை, தேடவில்லை. அம்மாவும் இப்படித்தான் கரையில் இருந்தார். துடுப்பைக் கீழே போட்டேன்.

விற்றாலே என்ற எங்கள் இத்தாலிய முதலாளி வந்தார். வள்ளம் போகாவிட்டால் வீட்டுச் சாவியைத் தரும்படி கையை நீட்டினார். பின்னால் வந்த ஸ்ரான்லி பயத்தோடு என்னைப் பார்த்தார்.

சாவியை எடுத்து விற்றாலேயின் கையில் வைத்தேன்.

"வாங்கோ, அந்த மனுசியோடை கொஞ்சம் இருப்பம். பிறகு சாமான் கட்டலாம்."

"அமலினிக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார் ஸ்ரான்லி.

"மாமாவுக்கு நிக்காத வள்ளம் இண்டைக்கு ஒரு பெடியனுக்கு நிண்டதெண்டு சொல்லுங்கோ."