ரயில் சங்கத்தின் கையிருப்பு

தந்தையின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னர் பாயிஸ் முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமினான்.

"எங்கட வாப்பா யாருக்காவது கடன் குடுக்க இரிந்தா, எங்கள்ட்டச் சொல்லுங்கோ. நாங்க பொறுப்பு."

வாசல் திரைக்குப் பின்னால் அவனுடைய தங்கை பஸ்னா கூட்டத்தை எட்டிப் பார்த்தாள். அவள் அஞ்சியது ரயில் சங்கத்தின் செயலாளருக்குத்தான். கட்டுகஸ்தோட்டையில், பழைய ரயில் பெட்டியொன்றை வாடகைக் கொட்டகையில் வைத்துப் பராமரிக்கும் பதினொரு தொண்டர்களின் சங்கத்துக்கு வாப்பா அரூஸ் ஒன்பது ஆண்டுகளாகப் பொருளாளர். சென்ற ஆண்டு அவர் தமது மோட்டார் சைக்கிளை விற்றார். காரணம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கப் பணத்தில் கைவைத்துவிட்டாரோ என்னும் ஐயத்தை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

சங்கச் செயலாளர் தனபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நம்ம சங்கக் கணக்கு ஒண்ணு இருக்கு. இப்ப சொல்லலாம்தானே?"

பஸ்னா திரையை இறுகப் பற்றினாள்.

"எவ்வளவு, அங்கிள்?" என்றான் பாயிஸ்.

"ஒரு லட்சத்து நாப்பதாயிரம். கொட்டகை வாடகை, கூரைத் தகடு எல்லாமே ஒங்க வாப்பாவோட கைக்காசு. மோட்டார் சைக்கிள் வித்ததும் இதுலதான். வாங்கிக்குங்கன்னா, பெட்டிக்கு அடியில சில்லு இருக்கிற வரைக்கும் அவசரமில்லன்னு சிரிப்பாரு. நாங்க குடுக்க வேண்டியது. எண்ணிப் பாருங்க."

அவர் கடித உறையை நீட்டினார்.

"குடுத்த கடனத் திரும்பி வாங்க இரிக்கிறவங்களத்தான் கேட்டது. இவர் குடுக்க வந்திரிக்கார்," என்று திகனவிலிருந்து வந்த மாமா முணுமுணுத்தார்.

பஸ்னா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"இதக் குடுத்தா சங்கத்தில என்ன மிச்சம், அங்கிள்?"

"மூவாயிரத்துச் சொச்சம்."

"அப்ப கொட்டகை?"

தனபாலன் சட்டைப் பொத்தானைத் தடவினார். "மாசம் முடிய சாவியக் குடுத்துருவோம். பெட்டிய யாராச்சும் எடுப்பாங்க. இரும்புக்கு."

பாயிஸ் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலையிழந்து ஏழு மாதங்களாகியிருந்தன.

"உம்மாட பங்க உம்மா சொல்லோணும், நானாட பங்க நானா சொல்லோணும்," என்றாள் பஸ்னா, அண்ணனைப் பார்த்து. "என்ட பங்கு எனக்கு வேணாம். வாடகைக்கு வைங்கோ."

பாயிஸ் உறையை வாங்காமல் போய்ச் சந்தூக்கின் பின்புறம் நின்றான். பின்னர் திரும்பி, அதன் மறுபக்கத் தூக்குக் கொம்பைத் தனபாலனுக்குக் கண்ணால் காட்டினான்.

சந்தூக்கு வாசலைத் தாண்டிக் குறுகிய ஒழுங்கையில் இறங்கியது. குள்ளமான தனபாலனின் பக்கம் அது சற்றே சாய்ந்தது. பாயிஸ் தன் தோளைத் தாழ்த்திக்கொண்டு நடந்தான்.