பச்சை ஒயர்

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அமராவதி டீச்சர் கார்க் கதவுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பெயிண்டர் அபுல் ஹசன் கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தான். அந்த மோரிஸ் மைனருக்குக் கருநீலம் அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"பாய், இது என்ன, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கு?"

"ஸ்ப்ரே கன்னுல அடிச்சா மொதல்ல அப்படித்தாம்மா உழும். தண்ணி பேப்பர், அதான் உப்புத்தாளு, போட்டுத் தேய்ச்சி, அப்பறம் பாலிஷ் பண்ணா மூஞ்சி பாத்துக்கலாம்."

"ஏன் அப்படி விழுது?"

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். இருபது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறான். கடலூர் திருப்பாப்புலியூரில் பத்து வருஷம், பிறகு சிதம்பரம் வண்டிகேட்டில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை. இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரரும் அவனிடம் ஏன் என்று கேட்டதில்லை. எப்போது முடியும் என்றுதான் கேட்பார்கள். இந்த அம்மா அண்ணாமலை நகரில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோதனைச்சாலையில் பாடம் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் சம்பாத்தியத்தில் இந்தப் பழைய காரைக் கடலூரில் ஒருவரிடம் வாங்கி, தானே ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார். இதற்கு முன் வேறு எங்கோ பெயிண்டுக்கு விட்டபோது, துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்து ஏமாற்றிவிட்டார்களாம். அதனால் இந்தத் தடவை வகுப்பு முடிந்ததும் நேரே கொட்டகைக்கு வந்து, மர நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே காவல் உட்கார்ந்துவிடுவார். "கேள்வி கேட்டே கொல்றாங்க" என்று ஹசன் தன் மனைவி ஷரீபாவிடம் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹசனுக்கு இருந்த கவலை வேறு. அவனுடைய வலது தோள் போய்விட்டது. இருபது வருஷம் தகரத்தின்மேல் குனிந்து கையால் தேய்த்த தேய்ப்பு அப்படியே தோளில் இறங்கியிருந்தது. கையை மேலே தூக்கிச் சட்டை போடவே ஷரீபா வேண்டியிருந்தாள். கூட வேலைக்கு இருந்தவனும் நெய்வேலியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒரு கார் முழுக்கத் தேய்க்க ஐந்து நாள் ஆகும். முதல் நாள் முடிவதற்குள்ளேயே தோள் நெருப்பாகிவிடும். கொட்டகையை மூடிவிட்டுப் பரங்கிப்பேட்டையில் மாமா மகனின் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கப் போவது என்று முக்கால்வாசி முடிவு செய்திருந்தபோதுதான் பினாங்கிலிருந்து ஷரீபாவின் அண்ணன் அப்துல் வதூது ஒரு மிஷினைக் கப்பலில் அனுப்பிவைத்தார். கனத்த இரும்பு உடம்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி, முன்னால் ரப்பர் தட்டு சுற்றும். பாலிஷும் போடலாம், பேப்பரை ஒட்டித் தேய்க்கவும் செய்யலாம். 'மச்சான் தோளுக்கு இது நல்லது' என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியை ஷரீபா இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

மிஷினின் ஒயர் முனையில் மூன்று கால் வைத்த தடித்த பிளக் இருந்தது. கொட்டகையில் இருந்த பலகையிலோ இரண்டே ஓட்டைகள். ஹசன் கத்தியை எடுத்துப் பிளக்கை வெட்டிப் போட்டான். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர்கள். சிவப்பையும் கறுப்பையும் தனித்தனி ஓட்டையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கினான். பச்சையை அடியோடு நறுக்கிவிட்டான்.

சனிக்கிழமை மதியம் அவன் வேலையைத் தொடங்கியபோது டீச்சரம்மா நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பாய், மூணாவது ஒயர் எங்க?"

"அது வேஸ்ட் ஒயரும்மா."

"வேஸ்ட் ஒயர்னு ஒண்ணு எதுக்கு வைப்பான்?"

"வெளிநாட்டுக்காரனுக்குக் காசு ஜாஸ்தி, வைப்பான். நீங்க பேப்பரத் திருத்துங்கம்மா."

அதட்டிச் சொல்லவில்லை என்றாலும் குரலில் எரிச்சல் இருந்தது. அவர் ஒரு நிமிஷம் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கையால் தேய்க்கும்போது எப்படிச் செய்வானோ அப்படியே செய்தான். வாளியிலிருந்து குவளை குவளையாகக் காரின்மேல் தண்ணீர் ஊற்றினான். பெயிண்டை அறுக்காமல் பேப்பர் வழுக்க வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். கையால் தேய்ப்பதில் அதைத் தாராளமாக ஊற்றிப் பழக்கம். மிஷின் உறுமிக்கொண்டு சுற்ற, தண்ணீர் நாலாபுறமும் தெறித்து அவன் முகத்திலும் மிஷினின் வயிற்றிலும் அடித்தது. கீழே மண் குழம்பி, வெறுங்கால் புதைந்தது. கால் மணி நேரத்தில், என்ஜின்மேல் இருக்கிற முன்மூடியில் பாதி முடிந்துவிட்டது. கையால் என்றால் அரை நாள் வேலை. தோள் வலிக்கவே இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஷரீபாவிடம் சாயந்தரம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தான்.

அப்போது கை மூடிக்கொண்டது. அவன் மூடவில்லை; அதுவாகவே மூடிக்கொண்டது. கைப்பிடியை விடு என்று சொன்னால் விரல் கேட்கவில்லை. உள்ளங்கையிலிருந்து ஏதோ ஒன்று எலும்பு வழியாகப் பல் வரைக்கும் ஏறி அவனைப் பிடித்து உலுக்கியது. கத்த நினைத்தான், தொண்டை இல்லை. மிஷினின் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் வேறு யாருடைய கொட்டகையிலோ கேட்பதுபோலக் கேட்டது. சின்ன மகள் காலையில் தலை பின்னாமல் ஓடியது ஞாபகம் வந்தது. இதுதான் மௌத்து, இதுதான் சாவு என்று ரொம்பத் தெளிவாக நினைத்தான்.

டீச்சரம்மா அவனைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். மடியிலிருந்த பேப்பர்களைக் கொட்டிவிட்டுச் சுவருக்கு ஓடி, பலகையிலிருந்து தொங்கிய ஒயரை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தீக்குச்சிகள் தெறித்தன. மிஷின் முனகி நின்றது. ஹசன் சேற்றில் மல்லாந்து விழுந்தான்.

கண்ணைத் திறந்தபோது தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவன் மூச்சை இழுத்தான். அது வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். பக்கத்தில் டீச்சரம்மா வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. கைகள் இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"பாய், பேசுங்க. ஏதாவது பேசுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ஹசன். அல்லாவுக்கு நன்றி சொல்கிற அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

குதிரை வண்டி பிடித்து அவனை டாக்டரிடம் அழைத்துப் போனதும் அவர்தான். உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவு இரண்டு இடத்தில் வெந்திருந்தது. வண்டியில் திரும்பி வரும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"உங்களத் திட்டணும்னு இருக்கு. ஆனா அதுல பாதிய என்னத்தான் திட்டிக்கணும். ஒயர் இல்லன்னு பாத்துட்டு, நீங்க சொன்னீங்கன்னு தலையக் குனிஞ்சிட்டேன். மிஷினுக்குள்ள கரண்ட் வழி தப்பி அதோட இரும்பு உடம்புக்கு வந்துட்டா, அது பூமிக்குப் போகணும் பாய். அந்தப் பச்சை ஒயர்தான் அது போற வழி. நீங்க அதை வெட்டிட்டீங்க. அதனால அது உங்க வழியா போச்சு."

அவன் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே வந்தான். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. டீ வாங்கிக் கொடுத்தவனுக்குச் சொல்கிற வார்த்தையையே இதற்கும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வண்டி தன் வீடு இருக்கும் லால்கான் தெருவுக்குள் திரும்பும்வரை யோசித்தான். சொல்லாமலே இறங்கிவிட்டான்.

ஷரீபாவிடம் மறைக்கத்தான் நினைத்தான். அவள் கட்டைப் பார்த்ததும், "கையில என்னா மச்சான்?" என்றாள். அவன் சொல்லி முடிக்கிறவரை அசையாமல் நின்றாள். பிறகு உள்ளே போய் வெகுநேரம் தொழுதாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"எங்கண்ணன் அனுப்புன மிஷினு. நாந்தான் எழுதிக் கேட்டேன்."

"ஒங்கண்ணன் ஒயரோடதான் அனுப்புனாரு."

"அது இனிமே நம்ம வூட்டுக்கு வாணாம். கெணத்துல போடுங்க."

அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். மூன்று நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனபோது மிஷினை ஒரு கோணியால் மூடினான். கண்ணில் பட்டாலே உள்ளங்கை சுருங்கியது. காரின் முன்மூடி பாதி தேய்த்தும் பாதி தேய்க்காமலும், ஒரு பக்கம் மங்கியும் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் நின்றது. இடது கையில் பேப்பரைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தான். பத்து நிமிஷத்துக்குமேல் முடியவில்லை.

அன்று சாயந்தரம் டீச்சரம்மா தனியாக வரவில்லை. சோதனைச்சாலை மெக்கானிக் வைத்திலிங்கம் என்ற ஒல்லியான மனுஷரும் ஒரு கடப்பாரையோடு கூட வந்தார். டீச்சரம்மாவின் கையில் ஒரு பையில் உப்பும் இன்னொரு பையில் அடுப்புக்கரியும் இருந்தன. கரண்ட் பூமிக்கு இறங்குவதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திலிங்கம் நெஞ்சளவுக்குக் குழி தோண்டினார். இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார். குழாயிலிருந்து தடித்த கம்பி ஒன்று கொட்டகைக்குள் வந்தது. பலகையில் மூன்று ஓட்டை வைத்த பாயிண்ட் உட்கார்ந்தது. மிஷினைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து உடம்பில் உரசிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, புதிதாக ஒரு பச்சை ஒயரை இரும்பு உடம்போடு திருகிப் பூட்டினார். இதெல்லாம் இரண்டு சாயந்தர வேலை. ஹசன் எட்டவே நின்றான்.

"இப்பப் போடலாம்" என்றார் வைத்திலிங்கம்.

"நீங்களே போடுங்க சார். எனக்கு வாணாம்" என்றான் ஹசன். இன்னும் பின்னால் நகர்ந்தான். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. கைக்குத் தைரியம் வரல."

டீச்சரம்மா சுவரருகே போனார். ஸ்விட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. வைத்திலிங்கம் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கிற விளக்கை மிஷின் உடம்பில் வைத்துக் காட்டினார், எரியவில்லை. அதற்கப்புறம் டீச்சரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த மிஷினின் இரும்பு உடம்பின்மேல் தன் வலது கையை விரித்து வைத்தார். அழுத்தமாக வைத்தார். ஹசன் தன்னை மறந்து, "அம்மா, வாணாம்மா!" என்று கத்தி ஓரடி முன்னால் வந்துவிட்டான். அவர் கையை எடுக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நெற்றியில் வேர்த்திருந்தது, அவருக்கும் பயம்தான் என்று ஹசனுக்குத் தெரிந்தது. பயத்தோடே வைத்திருந்தார்.

அவன் போய் அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். சூடும் அதிர்வும்தான் இருந்தன.

அதற்கப்புறம் அந்த வேலையை இரண்டு பேருமாக யோசித்துத்தான் செய்தார்கள். கேட்கிறவர் அவர், பதில் கண்டுபிடிக்கிறவன் இவன். இவ்வளவு தண்ணீர் ஏன் வேண்டும் என்றார். யோசித்துப் பார்த்தால் வேண்டியதில்லைதான். சோப்பு கரைத்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து லேசாகப் பிழிந்தால் போதும். வாளி கொட்டகைக்கு வெளியே போனது. ஒயரைத் தரையில் ஓடவிடாமல் தோளுக்குமேல் போட்டுக்கொண்டான். பலகை ஒன்றின்மேல் பழைய டயர் ரப்பரை விரித்து, செருப்புப் போட்டு அதன்மேல் நின்றான். கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட்டான். மிஷினை அழுத்தாமல், அதன் கனத்துக்கே விட்டு, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போனால் பெயிண்ட் சூடாகாது என்பதைக் கையே கண்டுகொண்டது. ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டினான். அந்த விளிம்புகளை மட்டும் கையால் தேய்த்தான். அவர் நாற்காலியை இப்போது சுவரோரம், ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை அவர் உட்கார்ந்திருந்தது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசி நாள் ஒரு தப்பு நடந்தது. முன்மூடியின் மூக்கில் டேப் நகர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு விநாடிதான். நீலம் போய், அடியிலிருந்த சாம்பல் நிறம் நகத்தளவுக்கு எட்டிப் பார்த்தது. டீச்சரம்மா பேப்பரில் ஆழ்ந்திருந்தார். ஒரு சொட்டுப் பெயிண்டைத் தொட்டு வைத்தால் ஆறு மாசத்துக்கு யாருக்கும் தெரியாது. ஹசன் மிஷினை நிறுத்தினான்.

"அம்மா, இங்க வந்து பாருங்க. பொத்துட்டேன்."

அவர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் இங்க மட்டும் போச்சு?"

அவன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். பிறகு அவன் ஏன் என்று சொன்னான். வளைவு, மெல்லிசு, சூடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னான். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவரைப் போல அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி. அதை நாளைக்கு அடிங்க. இன்னைக்குக் கை போதும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மஞ்சக்குப்பத்திலிருக்கும் தன் அம்மாவிடம் காரைக் காட்டக் கிளம்பினார். போகிற வழியில் லால்கான் தெருவுக்கு வந்து ஹாரன் அடித்தார். ஷரீபா சொல்லி அனுப்பியிருந்தாள், ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போங்கள் என்று. என்ன கொடுப்பது, அவர் என்ன சாப்பிடுவார் என்று இரண்டு நாளாக அவள் ஹசனைப் பிடுங்கியெடுத்தாள். கடைசியில் எதுவும் செய்யவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தாள். காரின் ஜன்னலுக்குள் கையை நுழைத்து டீச்சரம்மாவின் வலது கையைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சரம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுற்றிலும் பார்த்தார். அடுத்த வீட்டு வாசல்களில் பெண்கள் நின்றார்கள்.

"ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார் திடீரென்று.

ஷரீபா ஹசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை அசைப்பதற்குள் அவள் அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கார் இரண்டு தடவை உதறிவிட்டுக் கிளம்பியது. சின்ன மகள் ஹசனின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, அம்மா எங்க போவுது?" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தெருமுனையில் கார் வேகம் பிடித்தபோது ஜன்னலிலிருந்து ஷரீபாவின் கை வெளியே வந்தது. யாருக்கும் டாட்டா காட்டவில்லை. விரல்களை விரித்து, எதிர்க்காற்றில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.