அன்னம்மாள் சபையின் பிளாக்ஜாக்

பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும்போது ஃபாதர், "இந்த வருசம் டினர் டான்ஸ் இல்லை, பிளாக்ஜாக் போட்டி," என்று சொன்னதும் கோயிலில் இருந்த அவ்வளவு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஃபாதரும் பார்த்தார். மூலையில் நின்ற அந்தோனியார் சுரூபமும் பார்த்த மாதிரித்தான் எனக்கு இருந்தது.

அவர்களில் பிழையில்லை. கனடாவில் எங்கள் ஸ்காபரோப் பங்கில் 304 என்கிற சீட்டாட்டம் தெரியாத ஆம்பிளை இல்லை. ஆனால் பிளாக்ஜாக் தெரிந்தவன் அகஸ்ரின் என்கிற நான் ஒருவன்தான். அதைப் படிக்க நான் கட்டிய ஃபீஸ், பக்கத்து நகரமான அஜக்ஸில் ஒரு வீடு வாங்க வைத்திருந்த முற்பணம். பிளாஸா வாசலிலிருந்து கசினோவுக்கு ஓசி பஸ் விடுவார்கள். கிழமையில் ஐந்து நாள் நகரத்து பஸ் ஓட்டுகிற நான், ஆறாவது நாள் அந்த பஸ்ஸில் பயணியாக ஏறிப் போவேன். மனைவி கிளடிஸுக்கு ஓவர்டைம் என்று சொல்வேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. வீட்டுக்குக் கையெழுத்து வைக்கப் போன அன்றுதான் பாங்கில் வைத்து அவளுக்கு விசயம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கையைப் பிடித்து அந்தோனியாரின் காலில் வைத்து, "இனிக் காட்ஸைத் தொடமாட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன்.

ஆறு வருடமாகிவிட்டது. பிறந்தநாள் வீடுகளில்கூட ஒரு காட்டைத் தொட்டதில்லை. ஆனாலும், "எனக்குப் போதும், விட்டிட்டன்," என்று எத்தனை தரம் சொன்னாலும் கிளடிஸ் நம்பமாட்டாள். வேலை முடிந்து பத்து நிமிடம் பிந்தினால் போன் வரும். "எங்க நிக்கிறியள்?" பஸ்ஸின் மணிச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஸ்டேஷனில் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு நானே எழும்பிப் போய் மணிக் கயிற்றை இழுத்துக் கேட்கவைத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குப் பெரிய மரியாதையாக இருக்கவில்லை.

இலங்கையில், மன்னார்ப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தின் கூரை போன மழையில் விழுந்துவிட்டது. அதற்குத்தான் இந்தப் போட்டி. யோசனை ஜூலியனுடையது. இங்கேயே பிறந்த பெடியன், பங்குச் சபையில் இளைஞர் பிரதிநிதி. "டினர் டான்ஸுக்கு ஒருத்தரும் வாறேல்லை அங்கிள். சேம் ரோல்ஸ், சேம் டிஜே. பீப்பிள் ஆர் டயர்ட்," என்றான். சேருகிற காசுக்குச் சமமாகத் தானும் தருவதாக அருள்நாயகம் அண்ணை வாக்குக் கொடுத்திருந்தார். வீடு விற்கிற அருள்நாயகம். என்னுடைய பஸ்ஸின் பின்பக்கத்தில் அவருடைய சிரித்த முகம்தான் ஒட்டியிருக்கிறது. "ஆனா போட்டி ஒழுங்கா நடக்கோணும்," என்று அவர் ஒரு கொக்கியையும் போட்டு வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிளடிஸ் தீர்ப்புச் சொன்னாள்.

"சொல்லிக் குடுங்கோ. கூரைக்குத்தானே. ஆனாத் தொடக்கூடாது."

"தொடாமல் எப்பிடியப்பா காட்ஸ் சொல்லிக் குடுக்கிறது?"

"நீச்சல் பழக்கிற ஆக்கள் கரையிலதானே நிக்கினம்?"

பங்கில் உள்ள ஆம்பிளைகள் எல்லாருமே விளையாடப் பெயர் கொடுத்துவிட்டார்கள். காட் போட ஆளில்லை. கடைசியில் அந்த வேலை அன்னம்மாள் சபைப் பெண்கள் ஆறு பேரின் தலையில் விழுந்தது. திருநாளோ, முதல் நன்மையோ, செத்த வீட்டுச் சாப்பாடோ, எங்கள் பங்கில் சமைத்துப் பரிமாறுவது இவர்கள்தான். தலைவி என் மனைவி. வலது கை ஏஞ்சலா.

கோயிலின் கீழ்த்தளத்தில் மூன்று சனிக்கிழமை வகுப்பு நடந்தது. நான் குசினியிலிருந்து ஒரு அகப்பையை எடுத்து, அதாலேயே காட்ஸைத் தொட்டுக் காட்டிப் படிப்பித்தேன். "இருபத்தொண்டுக்குக் கிட்டப் போகோணும். தாண்டினால் அந்த ஆள் அவுட். முதல் ரெண்டு காட் நீங்கள் போடுவியள், உங்களுக்கும் போடோணும்; உங்களை முந்தினால்தான் அவைக்கு வெற்றி. பிறகு வேணுமோ வேண்டாமோ எண்டு அவைதான் முடிவெடுக்கோணும்."

அதோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருந்த பழைய கசினோக்காரன் விடவில்லை. "வாயால சொல்லுறது கணக்கில்லை. ஹோலில சத்தமா இருக்கும். கைதான் கணக்கு. விரலால மேசையில தட்டினால் இன்னொரு காட். உள்ளங்கையைக் கவிட்டுக் காட்ஸுக்கு மேல இப்பிடி அசைச்சால் போதும் எண்டு அர்த்தம்," என்று அகப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அசைத்துக் காட்டினேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

ஏஞ்சலா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். "தட்டினால் ஒண்டே ஒண்டுதான் வைக்கிறதோ அண்ணை? ஒற்றையா வைக்க ஒரு மாதிரியெல்லோ இருக்கும்?"

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவர்கள் தங்களுக்குள் விளையாடிப் பார்த்தபோது எல்லாம் சுத்தமாக நடந்தது. அங்கே விருந்தாளி யாரும் இருக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

போட்டி நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஹோல் நிறைந்துவிட்டது. ஆறு மேசை, மேசைக்கு ஆறு பேர். எல்லாருக்கும் பந்தயம் வைக்க ஒரே அளவு பிளாஸ்டிக் வில்லைகள். இருபது ஆட்டம் முடிய, ஒவ்வொரு மேசையிலும் யாரிடம் கூடுதலாக வில்லை இருக்கிறதோ அவர் இறுதி ஆட்டத்துக்குப் போவார். முதற்பரிசு அறுபத்தைந்து இஞ்ச் டீவி. அன்னம்மாள் சபை நீலச் சேலையில் வந்து நின்றது. நான் நடுவில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி உலாவினேன்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். மூன்றாம் மேசையில் சண்முகநாதன் அண்ணை அலறினார். "ஐயோ, நான் போதுமெண்டெல்லோ காட்டினனான்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருக்கு முதல் இரண்டு காட்டிலேயே பத்தொன்பது. கையை அசைத்திருக்கிறார். ஏஞ்சலா, "வெக்கப்படாமல் எடுங்கோ அண்ணை," என்று ஏழு ஒன்றை வைத்துவிட்டாள். இருபத்தாறு. ஆள் அவுட்.

"ஏஞ்சலா, கை அசைச்சால் வைக்கக்கூடாது!"

"ஓம் அண்ணை, தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வைச்சனான். அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு."

அங்கேதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை அசைக்கிற விருந்தாளியை இந்தப் பெண்கள் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறார்கள். ஒருநாளாவது அந்தக் கையை நம்பியிருப்பார்களா? எங்கள் ஆட்களிடம் போதும் என்றால், இன்னும் ஒருக்கால் கேளுங்கோ என்று அர்த்தம். கேட்காமல் விட்டால் அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பத்து வருடத்துக்குக் கதைப்பார்கள். அந்தக் கையசைவைத்தான் நான் அகப்பையோடு நின்று படிப்பித்திருக்கிறேன்.

ஆறு மேசையிலும் அதுவே நடந்தது. "இண்டைக்குத்தானே வந்தனியள்," என்று ஒரு காட். "மெலிஞ்சு போனியள் தம்பி," என்று இன்னொன்று. மேசையில் தட்டியவர்களுக்கு ஒற்றையாக வைக்கக் கூசி இரண்டு இரண்டாக வைத்தார்கள். நான் மேசை மேசையாக ஓடிக் கத்தினேன். ஓம் ஓம் என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் திரும்பவும் வைத்தார்கள்.

எங்கள் சனமும் லேசுப்பட்டதல்ல. கலியாண வீட்டில் கோப்பையைப் பொத்துகிற மாதிரி இரண்டு கையாலும் காட்ஸைப் பொத்திக்கொண்டு குனிந்து கிடக்கத் தொடங்கினார்கள். சண்முகநாதன் அண்ணை காட்ஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ரதி என்று ஒரு பிள்ளை, பல் டொக்ரரிடம் வேலை செய்கிறவள், தன்னுடைய ஹான்ட்பாக்கைத் தூக்கிக் காட்ஸுக்கு மேலே வைத்துவிட்டாள். நன்றாகப் பொத்திய ஆறு பேர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். அருள்நாயகம் அண்ணையும் வந்தார்.

இறுதி ஆட்டத்துக்குக் காட் போட்டது கிளடிஸ். அவளை நான் நம்பினேன். உள்ளதுக்குள் விரைவாகப் படித்தவள் அவள்தான். அதிலும் பத்து ஆட்டம் இருந்தது; இது பத்தாவது, கடைசி. அருள்நாயகம் அண்ணை தன்னுடைய வில்லை முழுவதையும் முன்னுக்குத் தள்ளினார். அவருக்கு வந்தது ராசாவும் ராணியும். இருபது. கையை அசைத்தார். கிளடிஸின் கை காட்ஸ் கட்டின் மேலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள், நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மனுசன் ஒரு சிரிப்புச் சிரித்து, "போதும் தங்கச்சி, நிறைஞ்சுபோச்சு," என்றார். அந்தக் குரல்! சாப்பாட்டு மேசைக் குரல் அதுவேதான். கிளடிஸ், "இந்த ஒண்டு மட்டும்," என்று சொல்லி வைத்தே விட்டாள். ஐந்து. இருபத்தைந்து.

அருள்நாயகம் அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "இது போட்டியே? இது அன்னதானம்! நான் ஒரு சதமும் தரமாட்டன்!"

ஹோல் இரண்டுபட்டது. ஃபாதர் மேசை மேல் ஏறுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றார். ஜூலியன் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தான். "அங்கிள், டூ சம்திங். ப்ளீஸ். கூரை போகப் போகுது." பின்னாலிருந்து யாரோ, "அகஸ்ரினைப் போடச் சொல்லுங்கோ, அவனுக்குத்தான் தெரியும்," என்றார்கள். பிறகு எல்லாருமே அதைச் சொல்லத் தொடங்கினார்கள். அருள்நாயகம் அண்ணையும், "ஓம், அகஸ்ரின் போட்டால் திருப்பி விளையாடுறன்," என்றார்.

நான் பின்னால் கோத்த கையை இன்னும் இறுக்கினேன். கிளடிஸ் காட்ஸ் கட்டோடு எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"எங்களால ஏலாது," என்றாள். "வந்த ஆளைப் போதுமெண்ட உடனே விட எங்களுக்கு வராது. நீங்கதான் போடோணும்."

"எனக்கும் ஏலாது கிளடிஸ்."

"ஏன்?"

"பயமா இருக்கு," என்றேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "தொட்டனெண்டால் விடுவனோ தெரியாது."

ஆறு வருடமாக, விட்டிட்டன், விட்டிட்டன் என்று மார்தட்டியிருக்கிறேனே தவிர, இந்த உண்மையை ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பின்னாலிருந்து இழுத்தெடுத்து, கட்டை அதில் வைத்தாள்.

"பத்து ஆட்டம். பிறகு கீழ வையுங்கோ."

"அந்தோனியாருக்கு என்ன சொல்லுறது?"

"அவரோட நான் கதைக்கிறன்."

வில்லைகளைத் திரும்பவும் சமமாகப் பிரித்துக் கொடுத்து, இறுதி ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினோம். என் கைக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. காட்ஸ் விரலுக்குள் புகுந்து புறப்பட்டது. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆறு வருடத்தில் நான் அப்படி ஒரு அரை மணித்தியாலம் இருந்ததில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

கடைசி ஆட்டத்தில் அருள்நாயகம் அண்ணைக்குப் பதினாறு. காட் போடுகிற எனக்கு முன்னால் விரித்திருந்தது பத்து. அவர் என்னைப் பார்த்தார், காட்ஸைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார், மேசையில் தட்டினார். ஒன்றே ஒன்று வைத்தேன். ஒன்பது. திரும்பவும் இருபத்தைந்து.

"இது நீங்களே கேட்டு எடுத்தது அண்ணை," என்றேன். ஹோல் சிரித்தது. கொஞ்சம் பிந்தி அவரும் சிரித்தார், பஸ்ஸில் இருக்கிற அதே சிரிப்பு. டீவி ரதிக்குப் போனது. நான் காட் போட்டபோதும் அவள் ஹான்ட்பாக்கை எடுக்கவில்லை. அருள்நாயகம் அண்ணை சொன்னபடி செக் எழுதி ஃபாதரின் கையில் கொடுத்தார்.

அன்னம்மாள் சபை விட்டது தொல்லை என்று குசினிக்குள் ஓடி, ரோல்ஸோடு வெளியே வந்தது. எல்லாருக்கும் இரண்டு இரண்டாக வைத்தார்கள். ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

நான் இன்னும் அந்த மேசையிலேயே இருந்தேன். சண்முகநாதன் அண்ணையும் வேறு நாலு பேரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து சுற்றி இருந்தார்கள். "இன்னுமொண்டு போடு அகஸ்ரின். சும்மா, காசில்லாமல்." கசினோவில் நானும் முதல்நாள் சும்மாதான் இருந்தேன். குனிந்து பார்த்தால் என் பெருவிரல் காட்ஸ் கட்டை ஏற்கெனவே இரண்டாகப் பிரித்துவிட்டிருந்தது. பத்து ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. குசினி வாசலில் கிளடிஸ் தட்டோடு நின்றாள். கூப்பிடவில்லை, கிட்ட வரவுமில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

கட்டை மேசையில் வைத்தேன். அதற்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தேன். "போதும்."

"வெக்கப்படாதை, ஒண்டு!" என்றார் சண்முகநாதன் அண்ணை. "ஒரே ஒண்டு!" என்றார்கள் மற்றவர்கள்.

கிளடிஸ் வந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கட்டை எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

"அவர் போதுமெண்டால் போதும்," என்றாள்.

பக்கத்தில் நின்ற ஏஞ்சலா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அன்னம்மாள் சபையில் அப்படி ஒரு வசனத்தை அவள் அன்றுதான் முதல்முதல் கேட்டாள்.

திங்கட்கிழமை பனி கொட்டியது. வேலை முடிய நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. போன் வரவில்லை. போனை எடுத்து வேலை செய்கிறதா என்று பார்த்தேன். வேலை செய்தது. ஸ்டேஷனில் சனத்தை இறக்கிவிட்டு நானே எடுத்தேன்.

"என்னப்பா, சுகமில்லையே?"

"நல்லாத்தான் இருக்கிறன். ஏன்?"

"பிந்திப்போச்சு. நீர் போன் எடுக்கேல்லை."

"பனிதானே," என்றாள்.

பழக்கதோசத்தில் எழும்பி மணிக் கயிற்றை இழுத்தேன்.

"இப்ப ஏன் மணி அடிக்கிறியள்? கெதியா வாங்கோ, புட்டு ஆறுது."

வெறும் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வீட்டுக்குப் போனதும் கிளடிஸ் புட்டுப் போட்டு, மீன்குழம்பு விட்டாள். அரைவாசியில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. கோப்பைக்கு மேலே கையை அசைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு அகப்பை வைத்தாள்.