கத்தி வைப்பதற்கு முன்

மனைவியின் உடல் கூடத்தில் கிடக்க, அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மச்சான் வாசலை மறித்து நின்றான்.

"அக்காவ இன்னும் எடுக்கல. எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"ரெண்டு வயசுக் குழந்தை. குடலுக்குள்ள குடல் சொருகிக்கிச்சு. ஆபரேஷன் பண்ண இங்க வேற யாரு இருக்கா?"

"ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். உங்கக்கா இருந்திருந்தா எனக்கு முன்னாடி கார்ல ஏறியிருப்பா."

அது பொய்யில்லை. அவள் மயக்க மருந்து டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் நின்று அவரோடு மல்லுக்கட்டியவள். சின்னக் குழந்தைகளின் வயிற்றில் கத்தி வைப்பதற்கு முன், ஸ்கேனில் பார்த்து, இரண்டு பக்கமும் நரம்பு மரத்துப்போக ஊசி போட்டே தீருவாள். கை கழுவிவிட்டுக் காத்து நிற்கும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மயக்கத்துல கிடக்கற குழந்தைக்கு என்னடி தெரியப்போகுது?"

"இப்பத் தெரியாது. முழிக்கறப்பத் தெரியும். சும்மா நில்லுங்க."

ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி சண்டை போட்டிருக்கிறார்கள். அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவளும்தான். இன்று காலை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

தியேட்டரில் குழந்தை தூங்கியிருந்தது. தலைமாட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் டாக்டர்.

"ஆரம்பிக்கலாம் சார்."

"ஊசி?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னாங்க சார். அதுவும் இன்னிக்கு... நீங்க சீக்கிரம் போகணுமேன்னு..."

"பிடிக்காதுதான். போடுங்க."

அவள் ஸ்கேன் கருவியைக் குழந்தையின் வயிற்றில் வைத்தாள். படம் சரியாக வரவில்லை. கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினாள்.

"லேட்டாகுது சார். விட்டுடட்டுமா?"

"உங்கள யாரும் விரட்டல. நிதானமாப் பாருங்க."

நர்ஸ் கதவருகிலிருந்து தயங்கித் தயங்கி வந்தாள். "சார், வீட்லருந்து போன். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்களாம்."

"இருக்கட்டும். நானும்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

கழுவிய கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அவர் நின்றார். அந்தக் கையால் இனித் தன் முகத்தைக்கூடத் தொடக்கூடாது.

"சிஸ்டர், கண்ணாடி மங்குது."

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, ஒன்றும் கேட்காமல், அவர் கண்களுக்குக் கீழேயும் துடைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். மேஜையில் இரண்டாவது ஊசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.